துரை பங்களாவில் பெய்த பனி

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில், கடல் நிலத்துக்குள் கொஞ்சம் வளைந்து நுழையும் இடத்தில், அபுராசி என்றொரு ஊர் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் அதை ஆண்டுவிட்டுக் கப்பலேறி இரண்டு தலைமுறை ஆன பிறகு, ஒரு ஏப்ரல் மாத நடுப்பகலில், ஆடுகள்கூட நிழலைவிட்டு நகர மறுக்கும் வேளையில், குன்றின்மேல் இருந்த துரை பங்களாவின் வேலிக்குள் வெண்பனி பெய்யத் தொடங்கியது. வேலிக்கு வெளியே ஒரு துகள்கூட விழவில்லை. வாசல் காவலாளி அட்டா, ஒரு கையை உள்ளே வைத்தால் பனியும் இன்னொரு கையை வெளியே வைத்தால் வெயிலும் படுவதைக் கொஞ்ச நேரம் நின்று அனுபவித்தான். பிறகு மாடியேறிப் போய், வானத்திலிருந்து மரவள்ளி மாவு மாதிரி ஏதோ கொட்டுகிறது, வாயில் போட்டுப் பார்த்தேன், ருசி ஒன்றும் இல்லை, வாங்கி வைக்கவா திருப்பி அனுப்பவா என்று மாவட்டக் கமிஷனரைக் கேட்டான்.

ஊர்க்காரர்கள் மலைத்துப்போய்விடவில்லை. ஆண்டவர்கள் விட்டுப்போன சாமான்களோடுதான் அவர்கள் இத்தனை காலமும் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். (போனவர்களை ஊரில் ஆண்டவர்கள் என்றுதான் சொல்வார்கள், கடவுளையும் அப்படித்தான் சொல்வார்கள், யாரைச் சொல்கிறார்கள் என்பதைப் பேசுகிறவர் மேலே பார்க்கிறாரா கடலைப் பார்க்கிறாரா என்பதை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டும்.) அவர்கள் விட்டுப்போன பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கழுத்துவரை பொத்தான் போட்ட கம்பளிக் கோட்டு அணிந்து, வியர்வை காலணிக்குள் இறங்க உட்கார்ந்து படித்தார்கள், நீதிமன்றச் சேவகரின் சீருடைக்கு மென்மயிர்க் காலர் இருந்தது, பங்களாவின் ஒவ்வோர் அறையிலும் குளிர்காய ஒரு கணப்பும் அதன்மேல் ஒரு புகைபோக்கியும் இருந்தன, புகைபோக்கிகளில் வௌவால்கள் குடும்பம் குடும்பமாகக் குடியிருந்தன, தேவாலயப் பாடகர்கள் டிசம்பரில் நெற்றியைத் துடைத்துக்கொண்டே பனி பொழியும் இரவைப் பற்றிப் பாடினார்கள். குளிருக்கு வேண்டியதெல்லாம் வந்து இறங்கியிருந்தது, குளிர் மட்டும் வரவில்லை. ஆகவே அது வந்ததும், தவறான கப்பலில் ஏற்றிவிட்ட பெட்டி ஒன்று பல துறைமுகங்களைச் சுற்றி இப்போதுதான் வீடு வந்து சேர்ந்திருக்கிறது என்று ஊர் நினைத்துக்கொண்டது.

கோட்டு தைக்கும் தையல்காரர் கடையைப் பூட்டிவிட்டுக் குன்றேறி வந்து, தன் தொழிலுக்குக் கடைசியில் ஒரு காரணம் கிடைத்துவிட்டதை வேலியோரம் நின்று பார்த்தார். தலைமையாசிரியர் பிள்ளைகளை வகுப்பு வகுப்பாக அழைத்து வந்து, கோட்டு வீணாகாமல் இருக்க, ஒவ்வொரு வகுப்பையும் வேலிக் கம்பிகளுக்கிடையே கையை விட்டுக் கொஞ்சம் நடுங்கவைத்துக் கூட்டிப்போனார். கணப்புகள் மூட்டப்பட்டதும் வௌவால்கள் தேவாலயக் கோபுரத்துக்குக் குடிபெயர்ந்தன. பாதிரியார் அதற்கும் ஆட்சேபம் சொல்லவில்லை.

எல்லாரையும்விட மகிழ்ந்தவர் கமிஷனர் எபனேசர் டாட்சி. பக்கத்து ஊரில் பிறந்தவர், இளவயதில் ஆண்டவர்களின் நாட்டில் மூன்று குளிர்காலம் இருந்து சட்டம் படித்துவிட்டு வந்தவர். கல்யாணமோ சாவோ எங்கே போனாலும் சற்று நேரத்தில் பேச்சை வெண்பனிக்குக் கொண்டுபோய்விடுவார். அது மௌனமாக இறங்கும் விதத்தை, மரக்கிளைகளில் படியும் விதத்தை, காலடியில் நொறுங்கும் ஓசையைச் சொல்லுவார். அலுவலகத்தில் அவர் ஆண்டவர்களின் மொழி தவிர வேறெதுவும் பேசமாட்டார். அதிகாரி அப்படித்தான் பேச வேண்டும் என்பது முன்பிருந்தே வந்த வழக்கம். தன் தாய்மொழி பேசும் மக்களோடு அட்டாவை வைத்து மொழிபெயர்த்துப் பேசுவார். அவர்கள் சொல்வது அட்டா வாயைத் திறக்கும் முன்பே அவருக்குப் புரிந்துவிடும், ஆனாலும் மொழிபெயர்ப்பு முடியும்வரை புரியாதவர் போல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். பனி விழுந்த அன்று அவர் பெட்டியின் அடியிலிருந்து மேல்கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, வராந்தாவில் இரு கைகளையும் விரித்து நின்று படம் எடுத்துக்கொண்டார்.

கரையில் மீன் விற்கும் பெண்களுக்கு அப்போது தலைவியாக இருந்தவள் மான்சா. அகலமான தோள்கள், அவசரப்படாத நடை, நாற்பதைத் தாண்டியவள். அவள் பள்ளிக்கூடத்தை விட்டதே பனியால்தான். கடைசித் தேர்வில் குளிர்கால விடியலை வர்ணிக்கச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். அவளுக்குத் தெரிந்த குளிர்காலம் வடக்கே பாலைவனத்திலிருந்து புழுதிக்காற்று வரும் மாதங்கள். காற்று வரும், உதடு வெடிக்கும், மூக்கு எரியும், சூரியன் பழைய தட்டு மாதிரி மங்கிப்போகும் என்று எழுதினாள். பனி எங்கே என்று கேட்டு ஆசிரியர் சுழியம் போட்டார். மறுவாரம் அவள் தலையில் மீன் ஏறியது.

மீன்காரிகளின் கஷ்டம் இதுதான். காலையில் தோணிகள் சாளையும் சீலாவும் கொண்டுவந்து கொட்டும். வெயில் ஏறுவதற்குள் விற்க வேண்டும். ஐஸ் தொழிற்சாலையை ஆண்டவர்கள் தூரத்துத் துறைமுகத்தில் கட்டியிருந்தார்கள், கப்பலில் போகிற மீனுக்காக. இங்கே தின்கிற மீனுக்கு ஐஸ் வேண்டியிருக்கும் என்று அவர்களுக்கும் தோன்றவில்லை, அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் தோன்றவில்லை. ஆகையால் மொத்த வியாபாரியின் குளிர்வண்டி வேண்டுமென்றே மெதுவாக வரும், மீனின் கண் கலங்கத் தொடங்கும் நேரம் பார்த்து வரும், அவன் சொன்னதுதான் விலை. போதாததற்கு ஒரு சட்டம். துரை பங்களாவை ஒட்டிய நேர்சாலையில் மீன் சுமந்து போகக்கூடாது என்று ஏதோ ஒரு துரையின் மூக்குக்காகப் போட்ட உத்தரவு எடுக்கப்படாமலே இருந்தது. சந்தைக்குப் போகும் பெண்கள் காயலைச் சுற்றி, சேற்றில் இறங்கி, பாதி மீன் வழியிலேயே கெட்டுப்போகும் தூரத்தை நடந்தார்கள்.

பனி விழுந்த மறுநாள் மான்சா வெறுங்கையோடு குன்றேறிப் போய்க் கமிஷனரைப் பார்த்தாள்.

"ஐயா, உங்க பங்களா வளவுல கொட்டுறத என்ன பண்ணப் போறீங்க?"

அட்டா மொழிபெயர்த்தான். கமிஷனர் பதில் சொன்னார். அட்டா அதைத் திருப்பிச் சொன்னான். "பாத்துக்கிட்டு இருப்பாராம்."

"பாத்து முடிச்சப்புறம்?"

"மறுபடியும் பாப்பாராம்."

மீனுக்குப் போட ஆளுக்கு ஒரு பேசின் பனி கேட்டாள் மான்சா. வளவு அரசாங்கச் சொத்து, அதில் விழுவதும் அரசாங்கச் சொத்து, மீன் இந்தச் சாலைக்கே வரக்கூடாது என்று பதில் வந்தது. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் முகத்துக்கு நேரே போய் நின்றாள்.

"அந்த நாத்தம் ஆகாதுன்னு சொன்ன துரை செத்து மண்ணாப் போயிட்டாரு. இப்ப யாரோட மூக்குக்காக நாங்க சுத்திப் போறோம்னு கேளு, அட்டா."

அட்டா இதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவும் இல்லை. கமிஷனருக்குக் காது மடல் சுட்டது. சட்டம், என்று மட்டும் சொன்னார்.

பனி நிற்கவில்லை. தினமும் நடுப்பகலில் தொடங்கி வெயில் சாயும்வரை பெய்தது. உருகுவதற்குள் அடுத்தது விழுந்தது. ரோஜாச் செடிகள் மூடின, பிறகு கொடிமரத்தின் பாதி மூடியது, பிறகு கீழ்த்தள ஜன்னல்கள். சமையல்காரர் சளி பிடித்து ஊருக்குப் போனார். குமாஸ்தாக்கள் வேலிக்கு வெளியே மாமரத்தடியில் மேசை போட்டுக்கொண்டு, அரசாங்கத்தை வெயிலில் இருந்து நடத்தினார்கள். கமிஷனர் மட்டும் மாடியில் தனியாக இருந்தார். இத்தனை வருஷம் புகழ்ந்து பேசிய ஒன்றிலிருந்து தப்பி ஓடுவது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. விறகு தீர்ந்ததும் நாற்காலிகளை எரித்தார். பிறகு புகைபோக்கி வாயையும் பனி அடைத்துக்கொண்டது.

ஒரு காலை, பங்களாவிலிருந்து புகையும் வரவில்லை, சத்தமும் வரவில்லை என்று அட்டா கரைக்கு ஓடிவந்தான். அப்போதுதான் தோணிகள் வந்திருந்தன, பேசின்கள் நிறைந்திருந்தன. மான்சா மற்றப் பெண்களைப் பார்த்தாள். பிறகு அவர்கள் எல்லாரும் பேசின்களைத் தலையில் ஏற்றிக்கொண்டு, காயல் பக்கம் திரும்பாமல், நேர்சாலையில் நடந்தார்கள். வியாபாரிகள் கடைவாசலுக்கு வந்து பார்த்தார்கள், நீதிமன்றச் சேவகர் மென்மயிர்க் காலரைச் சரிசெய்துகொண்டு தொப்பியைக் கழற்றினார், எந்தக் காலத்திலும் மீன் வாசம் படாத சாலையில் சாளை மீனின் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே குன்றேறியது.

வேலிக்குள் போனதும் பாதிப் பேர் பனியைத் தோண்டினார்கள், பாதிப் பேர் தோண்டியதை மீன்மேல் போட்டு அமுக்கினார்கள். மான்சா தோண்டவில்லை. சரிந்து கிடந்த பனிமேட்டில் ஏறியே மாடி ஜன்னலை அடைந்து, கதவைத் தள்ளி உள்ளே போனாள். கமிஷனர் மேல்கோட்டின்மேல் திரைச்சீலையும் திரைச்சீலையின்மேல் தேசியக்கொடியும் சுற்றிக்கொண்டு, அணைந்த கணப்புக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. அவளைப் பார்த்ததும், அந்த அறையில் முதன்முதலாகத் தாய்மொழியில் பேசினார்.

"அக்கா, குளிருது."

அவள் தன் மேல்துணியை அவிழ்த்து அவர் காதுகளைச் சுற்றிக் கட்டினாள். கைகளைத் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்தாள். மீன் செதில்கள் அவர் விரல்களில் ஒட்டின. அவர் பேச ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. அந்த நாட்டில் மூன்று குளிர்காலமும் தான் ஒரு ஓட்டலின் அடித்தளத்தில் தட்டு கழுவியதை, பேருந்தில் தன் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே இருந்ததை, முதல் பனி விழுந்த அன்று யாராவது தன்னை வெளியே கூப்பிடுவார்களா என்று ஜன்னலோரம் பகல் முழுக்க நின்றதை எல்லாம் சொன்னார்.

"பின்ன ஏன் அவ்வளவு அழகுன்னு சொன்னீங்க?" என்றாள் மான்சா.

"திரும்பி வந்ததும் எல்லாரும் அவ்வளவு ஆசையாக் கேட்டாங்க. இல்லைன்னு சொல்ல முடியல."

மான்சா தன் தேர்வுக் கதையைச் சொன்னாள். உதடு வெடிக்கும், மூக்கு எரியும் என்று தான் எழுதியதைச் சொன்னாள். அவர் நீல உதடுகளோடு அதை யோசித்தார்.

"சரியாத்தான் எழுதியிருக்கீங்க," என்றார். "அங்கேயும் அதுதான் நடக்கும்."

அவள் சிரித்தாள். சத்தம் கேட்டுக் கீழே தோண்டிக்கொண்டிருந்தவர்கள் மேலே பார்த்தார்கள். பிறகு அவரை முதுகில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகச் சறுக்கி வெயிலுக்குக் கொண்டுவந்தாள். மாமரத்தடியில் அவருக்கு மிளகாய் அள்ளிப்போட்ட மீன் சூப்பு கொடுத்தார்கள். மூன்று கிண்ணம் குடித்தார்.

அதற்குப் பிறகு யாரும் உத்தரவு போடாமலே ஒரு வழக்கம் உண்டாயிற்று. மீன் உள்ளவர்கள் பனி எடுக்கலாம், மீன் இல்லாதவர்கள் பார்க்கலாம். பங்களா தாங்க வேண்டுமானால் பனி குறைய வேண்டும், மீன் தாங்க வேண்டுமானால் பனி வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்திவிட்டன. குளிர்வண்டிக்காரன் வழக்கம்போலத் தாமதமாக வந்தான். மீன்கள் தெளிந்த கண்களோடு அவனைப் பார்த்தன. மறுநாள் சீக்கிரம் வந்தான், அதற்கு மறுநாள் இன்னும் சீக்கிரம், கடைசியில் தோணிகளுக்கு முன்பே வந்து கரையில் காத்திருக்கத் தொடங்கினான்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஆண்டவர்களின் தூதரகத்திலிருந்து ஒரு பெண்மணி வந்தார். பெயர் விட்காம். மெலிந்த உயரமான உருவம், மரியாதையான குரல், வெயிலுக்குப் பொருந்தாத காலுறைகள். தங்கள் நாட்டின் வடக்கு மலைகளில் சில ஆண்டுகளாகப் பனி பெய்வதில்லை என்றும், முன்பே ஆளனுப்பி இங்கே எடுத்த பனி மாதிரியை ஆராய்ந்ததில் இது அதே பனிதான், வழிதவறி வந்திருக்கிறது என்று நிபுணர்கள் உறுதி செய்திருப்பதாகவும், ஆகவே அதை முறைப்படி திருப்பித் தர ஒத்துழைக்க வேண்டும் என்றும் சொன்னார். கூட்டம் பங்களாவின் கீழ்க்கூடத்தில் நடந்தது. பெண்கள் சுவரோரம் நின்றார்கள்.

எபனேசர் டாட்சி எழுந்து, தன் தாய்மொழியில் பதில் சொல்லத் தொடங்கினார். தூதர் திகைத்து அவரைப் பார்த்தார். அட்டா தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்து, அதை ஆண்டவர்களின் மொழிக்கு மாற்றினான். அத்தனை வருஷம் எதிர்த்திசையில் செய்த வேலை, சுலபமாகவே இருந்தது.

எங்களிடமும் ஒரு வழிதவறிய பொருள் உண்டு, என்றார் கமிஷனர். தோணிகளை அழைக்க அடித்த எங்கள் முரசு உங்கள் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. கேட்டபோதெல்லாம், உங்கள் ஊரின் வெப்பம் அதற்கு ஆகாது, தோல் கெட்டுவிடும் என்றீர்கள். இப்போது எங்களிடம் வெப்பம் இல்லாத அறைகள் இருக்கின்றன. அனுப்பிவைக்கலாம்.

தூதர் அதைத் தெரிவிப்பதாகச் சொன்னார். பிறகு பனியைப் பற்றி மறுபடியும் கேட்டார். அப்போது மான்சா சுவரைவிட்டு முன்னால் வந்தாள்.

"பனி எங்ககிட்ட பத்திரமா இருக்கு, அம்மா. உங்க ஊர்ல இப்போ சூடு ஜாஸ்தியாம், அதை வச்சுக்காக்க ஏத்த எடம் இல்லைன்னு கேள்விப்பட்டோம். எப்ப வேணும்னாலும் வந்து பாத்துட்டுப் போங்க."

அட்டா ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தான். விட்காம் அம்மையாரின் வாயோரம் ஏதோ துடித்தது. அவர் குனிந்து, நெடுநேரம் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார். போகும்போது ஆராய்ச்சிக்கு இன்னொரு பனி மாதிரி எடுத்துப்போனார்.

முரசு இன்னும் வரவில்லை. கடிதங்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கின்றன. அதற்காக ஒதுக்கிய வடக்கு அறையில் இப்போதைக்குச் சீலா மீன் அடுக்கியிருக்கிறார்கள். ஆனால் பனியைக் கேட்டுப் பிறகு யாரும் வரவில்லை. இரண்டாவது மாதிரியை ஆராய்ந்த நிபுணர்கள் குழம்பிப்போய்விட்டார்களாம். அதில் உப்பு இருந்தது, மீன் சுடும் அடுப்புகளின் புகை இருந்தது, பாமாயிலின் சிவப்பு இலேசாக இருந்தது, இது தங்களுடையது என்று சொல்ல முடியவில்லை, யாருடையது என்றும் சொல்ல முடியவில்லை. அபுராசியில் அதை முன்பே கவனித்திருந்தார்கள். பனி வேலியைத் தாண்டி விழ ஆரம்பித்திருந்தது. மாமரத்தில் படிந்தது, சந்தையில் கோழிகளின்மேல் படிந்தது, தாய்மொழியில் அதற்கு ஒரு பெயரும் வந்துவிட்டது. பிள்ளைகள் கம்பளிக் கோட்டைக் கழற்றிவிட்டு அதில் உருண்டார்கள். அது அவ்வளவொன்றும் குளிரவில்லை. மீனுக்குப் போதுமான அளவு மட்டும் குளிர்ந்தது.

அடுத்த ஆண்டு ஒரு சனிக்கிழமை விட்காம் அம்மையார் மறுபடியும் வந்தார். இம்முறை தூதரகக் கார் இல்லை. சந்தை வேனில் ஆட்டுக்கும் வாழைத்தார்களுக்கும் நடுவே உட்கார்ந்து வந்து இறங்கினார். பணி முடிந்து அடுத்த வாரம் நாடு திரும்புவதாகவும், சிறுமியாக இருந்தபோது பார்த்த பனி அங்கே இனி கிடைக்காது, போவதற்கு முன் ஒருமுறை தொட்டுப்பார்க்கலாமா என்றும் அட்டா மூலமாக மான்சாவைக் கேட்டார். கேட்கும்போது அவர் குரல் தூதரின் குரலாக இல்லை.

மான்சா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"மீன் வச்சிருக்காங்களான்னு கேளு."

மீன் இல்லை. ஆகவே அவரைக் கரைக்குக் கூட்டிப்போய், மற்றவர்களைப் போலவே பேரம் பேசவைத்து, ஒரு பேசின் சாளை வாங்கவைத்தார்கள். வரிசையில் நிற்கவைத்தார்கள். முறை வந்ததும் அவர் முழங்கைவரை பனிக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, சற்று நேரம் அப்படியே இருந்தார். பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தவில்லை. ஒரு கவளம் வாயில் போட்டுப் பார்த்து, உப்பாக இருக்கிறது என்றார். மான்சா தலையசைத்தாள்.

பிறகு அவள் பழந்துணி ஒன்றை முறுக்கிச் சும்மாடு கட்டி அந்தப் பெண்ணின் தலையில் வைத்து, பேசினைத் தூக்கி ஏற்றிவிட்டாள். கழுத்தை நேராக வைக்கச் சொன்னாள், காலைப் பார்க்காதீங்க, தூரத்தைப் பாருங்க என்றாள். அவர் காலணிகளைக் கழற்றி அட்டாவிடம் கொடுத்துவிட்டு நடக்கத் தொடங்கினார். மீன்காரிகள் எல்லாரும், காலணிகளோடு அட்டாவும், தங்கள் நடையைக் குறைத்துக்கொண்டு கூடவே போனார்கள். வழியில் பனி உருகி, மீன் வாசத்தோடு அவர் நெற்றியிலும் பிடரியிலும் ஒழுகியது. ஒரு கையை எடுத்துத் துடைக்கப் போனவர், பேசின் ஆடுவதைக் கண்டு அந்தக் கையையும் திரும்பக் கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டார். கண்ணுக்குள் இறங்கியதை இறங்கவிட்டு, சந்தைக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டார்.

"கிட்டத்தான்," என்றாள் மான்சா. "நடங்க."